சொந்தமாக ஒரு ஓஎஸ் எழுத ஆசையா? முதல் நிரல் ஓடும்வரை போக ஒரு வழி

கேள்வி சுருக்கமாக இது: சி மொழி ஓரளவு தெரியும், லினக்ஸ் தினமும் பயன்படுத்துகிறேன். வேலை முடிந்து வந்தபின் பொழுதுபோக்காகச் சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத ஆசை. விண்டோஸும் லினக்ஸும் இருக்கும்போது இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரே ஆளால் முடியுமா, எங்கே தொடங்குவது, எவ்வளவு காலம் ஆகும், அதில் தமிழ் எழுத்து வரவைக்கலாமா, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் ஓட்ட முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் தொடங்குவதற்கு முன்னால், எந்த இடத்துக்கு வந்தால் "என் ஓஎஸ் தயார்" என்று சொல்லிக்கொள்வீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். பொழுதுபோக்கு ஓஎஸ்களில் பெரும்பாலானவை பாதியில் நிற்பதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று தெரியாமல், கணினியை இயக்கியதும் ஓஎஸ்ஸை மெமரியில் ஏற்றிவிடும் பூட்லோடரிலும் சின்னச் சின்ன அழகு வேலைகளிலும் மாதக்கணக்கில் நேரம் போய்விடுகிறது, அதற்குள் ஆர்வம் வற்றிவிடுகிறது.

நான் சொல்லும் இலக்கு இது. நீங்கள் தனியாகக் கம்பைல் செய்து வைத்த ஒரு குட்டி நிரலை உங்கள் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஒரு ஃபைலிலிருந்து படித்து, மெமரியில் ஏற்றி, ரிங் 3 எனப்படும் அதிகாரம் குறைந்த நிலையில் ஓடவிட வேண்டும். அந்த நிரல் தொடக்கூடாத முகவரியைத் தொட்டால், அதை மட்டும் நிறுத்திவிட்டுக் கெர்னல் தொடர்ந்து ஓட வேண்டும். இவ்வளவுதான். இது நடந்துவிட்டால் உங்களிடம் இருப்பது உண்மையான ஓஎஸ். இது நடக்கும்வரை உங்களிடம் இருப்பது, ஓஎஸ் இல்லாமல் ஓடும் ஒரு நிரல் மட்டுமே.

நண்பர்களின் "எதற்கு?" என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு நிரல் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டாலும் மவுஸ் எப்படி நகர்கிறது? இரண்டு நிரல்கள் ஒரே முகவரியில் எழுதினாலும் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் இருப்பது எப்படி? பரீட்சைக்கு இதையெல்லாம் எல்லோரும் படித்திருப்போம். குறித்த இடைவெளியில் ப்ராசசரைக் குறுக்கிட்டு அழைக்கும் டைமர் இன்டரப்டை உங்கள் கையால் எழுதி, நிரலின் முகவரி ஒவ்வொன்றும் நிஜ மெமரியில் எங்கே என்று சொல்லும் பேஜ் டேபிளை நீங்களே நிரப்பி, அது வேலை செய்வதைப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு அந்தப் படிப்பில் கிடைக்காது. லினக்ஸுக்குப் போட்டியாக எதையும் செய்யத் தேவையில்லை. இந்தத் தெளிவு ஒன்றுக்காகவே இறங்கலாம்.

லினக்ஸின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற கற்பித்தலுக்கான குட்டி ஓஎஸ்ஸைப் பயன்படுத்துவோர் குழுவுக்கு ஓர் அறிவிப்பு எழுதினார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்று அவர் சொன்ன வரியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே அறிவிப்பில் இருக்கும் வேறு இரண்டு தகவல்கள். அன்றைக்கே பாஷ் ஷெல்லும் ஜிசிசி கம்பைலரும் அவருடைய கெர்னல் மேல் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம், டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் அமைப்பை மினிக்ஸிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார், நடைமுறை வசதிக்காக. ஷெல்லை அவர் எழுதவில்லை, கம்பைலரை எழுதவில்லை, ஃபைல் சிஸ்டம் வடிவத்தையும் புதிதாக யோசிக்கவில்லை. நடுவே இருக்கும் கெர்னலில் மட்டும் உழைப்பைப் போட்டார்.

2018இல் ஆண்ட்ரியாஸ் க்ளிங் தொடங்கிய செரினிட்டி ஓஎஸ்ஸும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த காலத்தில், நாள் முழுக்கக் கையில் இருந்த நேரத்தை நல்லபடியாக நிரப்ப ஒரு வேலை வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கியதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சன்னல்கள், விளையாட்டுகள், பிரவுசர் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொந்தமாக எழுதிய அந்தத் திட்டம்கூட ஃபைல் சிஸ்டத்துக்கு லினக்ஸில் ஏற்கெனவே இருந்த எக்ஸ்ட்2 வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அதற்குள் பிறந்த லேடிபேர்ட் பிரவுசர் 2024இல் தனித் திட்டமாகவே பிரிந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். விண்டோஸ் நிரல்களை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற இலக்கோடு 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ரியாக்ட் ஓஎஸ் இன்னும் ஆல்ஃபா நிலையில்தான் இருக்கிறது. பீஓஎஸ் என்ற பழைய ஓஎஸ்ஸை மீண்டும் எழுத 2001இல் கிளம்பிய ஹைக்கூ, முதல் பீட்டா வெளியிட 2018 ஆனது. இரண்டுமே நல்ல திட்டங்கள், நான் மதிக்கும் திட்டங்கள். ஆனால் இன்னொருவர் எழுதிய சிஸ்டத்தோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்பது ஒரு குழுவே பல்லாண்டு உழைக்க வேண்டிய வேலை. தனி ஆள் அதைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

பூட்லோடரை நீங்களே எழுதாதீர்கள். தொடங்குபவர்கள் அத்தனை பேரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். பயாஸ் எனப்படும் பழைய தொடக்க முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட் மட்டும் ஹெக்ஸில் 7சி00 என்ற முகவரியில் ஏறும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். அங்கிருந்து 16 பிட் நிலை, ஏ20 கதவு என்ற பழைய மெமரித் தடை, 32 பிட், அப்புறம் 64 பிட் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இதெல்லாம் ஐபிஎம் பிசி காலத்து வரலாறு. சுவாரசியமான வரலாறுதான், ஆனால் நீங்கள் கற்க வந்த விஷயம் அதற்கு அப்பால் இருக்கிறது. லிமைன் என்ற பூட்லோடரை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் நிலை, மெமரியில் எந்தப் பகுதி காலி என்ற பட்டியல், திரையின் புள்ளிகளை வைக்கும் மெமரியான ஃப்ரேம்பஃபர் மூன்றையும் தயார் செய்து உங்கள் கெர்னலிடம் ஒப்படைத்துவிடும். பழைய பயாஸ், அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ இரண்டிலும் வேலை செய்யும்.

லேப்டாப்பில் ஓட்டும் ஆசை இல்லையென்றால் வழக்கமான பிசிகளின் எக்ஸ்86 ப்ராசசர் குடும்பத்தை விட்டுவிட்டு ரிஸ்க்-5 குடும்பத்தின் பக்கம் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பழைய சுமை மிகக் குறைவு. ஒரு கணினியையே மென்பொருளில் நடித்துக் காட்டும் கியூஎமு எமுலேட்டரின் ரிஸ்க்-5 இயந்திரத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு பைட் எழுதினால் டெர்மினலில் ஓர் எழுத்து வந்துவிடும். எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற குட்டி யூனிக்ஸும் இப்போது ரிஸ்க்-5இல்தான் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர்களும் இதே குடும்பம்தான். எக்ஸ்86தான் என்று நீங்கள் முடிவு செய்தாலும் எக்ஸ்வி6இன் மூலநிரலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் உட்கார்ந்து முழுக்கப் படித்து முடிக்கக்கூடிய அளவுதான் அது.

மொழி? சி தெரிந்தால் சியிலேயே எழுதுங்கள். ரஸ்டிலும் அருமையாக எழுதலாம், 2015இல் தொடங்கிய ரெடாக்ஸ் ஓஎஸ் அதற்குச் சாட்சி. ஆனால் புது மொழியையும் புது இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வது வேண்டாத சுமை.

முதல் வேலை திரை இல்லை, எழுத்துகளைப் பைட் பைட்டாக வெளியே அனுப்பும் சீரியல் போர்ட். ஹெக்ஸில் 3எஃப்8 என்ற போர்ட்டுக்கு ஒரு பைட் அனுப்பினால் கியூஎமு அதை உங்கள் டெர்மினலில் காட்டும். நாளைக்கு எது உடைந்தாலும் அந்த ஒரு வழி திறந்திருக்கும். அடுத்து உடனே இன்டரப்ட் டேபிளை அமைத்து, 32 விதிவிலக்குகளுக்கும் (ப்ராசசர் தானே எழுப்பும் பிழை அறிவிப்புகள்) ஒரு கையாளியை எழுதிவிடுங்கள். இது இல்லாமல் மேலே போகாதீர்கள். ப்ராசசருக்கு ஒரு பிழை வந்து, அதைக் கையாள ஆள் இல்லாமல் இன்னொரு பிழை வந்து (இது டபுள் ஃபால்ட்), அதற்கும் ஆள் இல்லை என்றால் டிரிப்பிள் ஃபால்ட். இயந்திரம் சத்தமில்லாமல் ரீபூட் ஆகிவிடும். என்ன நடந்தது என்று ஒரு வரிகூட மிஞ்சாது. கியூஎமுவில் ரீபூட்டைத் தடுக்கவும், வரும் இன்டரப்டையெல்லாம் பதிவு செய்யவும் வசதி இருக்கிறது. இரண்டையும் எப்போதும் போட்டே ஓட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் எல்லோரையும் குழப்பும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டைமர். இன்டரப்டைத் திறந்த மறுநொடியே "டபுள் ஃபால்ட்" வந்ததாகக் கையாளி கத்தும். உங்கள் நிரலில் எந்தத் தப்பும் இருக்காது. பழைய இன்டரப்ட் கண்ட்ரோலரான பிஐசி, டைமரின் துடிப்பை 8ஆம் எண்ணில் அனுப்பும்படி அமைந்திருக்கிறது. ப்ராசசரோ அதே 8ஐ டபுள் ஃபால்ட்டுக்கு வைத்திருக்கிறது. பிஐசியின் எண்களை 32இலிருந்து தொடங்கும்படி மாற்றி அமைத்தால் போதும், சத்தம் அடங்கிவிடும்.

இரண்டாவது ரெட் ஸோன். இது கொடுமையானது, ஏனென்றால் எப்போதாவதுதான் தலைகாட்டும். 64 பிட் லினக்ஸ் மரபுப்படி ஜிசிசி, ஸ்டாக் முனைக்குக் கீழே உள்ள 128 பைட்டைச் சில ஃபங்ஷன்களில் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளும். கெர்னல் ஓடும்போது இன்டரப்ட் வந்தால் ப்ராசசர் தன் மதிப்புகளை அதே இடத்தில் கொட்டிவிடும். உங்கள் லோக்கல் வேரியபிள் ஒன்று காரணமே தெரியாமல் மாறிப்போயிருக்கும். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது ரெட் ஸோன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு விருப்பத்தேர்வை மறந்தவர்கள் வாரக்கணக்கில் பேய் ஓட்டியிருக்கிறார்கள்.

மெமரி நிர்வாகத்தை எளிதாகத் தொடங்கலாம். லிமைன் தந்த பட்டியலைப் பார்த்து, பேஜ் எனப்படும் 4 கேபி மெமரித் துண்டு ஒவ்வொன்றுக்கும், அது காலியா இல்லையா என்று காட்ட ஒரு பிட் என்று வையுங்கள். 4 ஜிபி மெமரியில் 10,48,576 பேஜ்கள், அத்தனைக்கும் சேர்த்து 128 கேபி பிட்மேப் போதும். வேகமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

ஃபைல் சிஸ்டத்தில் நான் அடித்துச் சொல்வது ஒன்று: முதலில் டிஸ்க் டிரைவரே எழுதாதீர்கள். உங்கள் நிரல்களை ஒரு டார் ஃபைலாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்து மெமரியில் ஏற்றும்படி லிமைனிடம் சொல்லுங்கள். டார் வடிவம் அத்தனை எளிது: ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு, அதன் தொடக்கத்தில் பெயர், 124ஆம் பைட்டிலிருந்து ஃபைலின் அளவு. அளவு மட்டும் எட்டடிமான (ஆக்டல்) எண்ணாக, எழுத்து வடிவில் இருக்கும். அதைச் சரியாக மாற்றிவிட்டால் அடுத்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரே மாலையில் ஃபைல்களைப் பட்டியலிடும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். எழுதும் வசதி இருக்காது. அது இப்போது தேவையும் இல்லை.

இப்போது உண்மையான மலை: ரிங் 3. கெர்னலிலிருந்து பயனர் நிலைக்கு நேராகத் தாவ ஏற்பாடு இல்லை. ஒரு இன்டரப்டிலிருந்து திரும்புவது போல நடிக்க வேண்டும். ஸ்டாக்கில் ஐந்து மதிப்புகளை வைத்து, திரும்பும் கட்டளையை இயக்கினால் ப்ராசசர் ஏமாந்து ரிங் 3க்குப் போய்விடும். அந்த ஐந்தில், எந்த நிலையில் ஓட வேண்டும் என்று சொல்லும் கோட் செலக்டர், ஸ்டாக் செலக்டர் இரண்டிலும் கடைசி இரண்டு பிட்கள் 3 ஆக இருக்க வேண்டும். ரிங் 3இல் இன்டரப்ட் வரும்போது ப்ராசசர் பார்க்கும் டிஎஸ்எஸ் அமைப்பில் கெர்னல் ஸ்டாக்கின் முகவரியையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் 3இல் வரும் முதல் டைமர் துடிப்பிலேயே எல்லாம் சாய்ந்துவிடும்.

அநேகமாக முதல் முயற்சியில் பேஜ் ஃபால்ட் வரும், அதாவது இல்லாத அல்லது அனுமதியில்லாத மெமரியைத் தொட்ட பிழை. பயப்படாதீர்கள், எக்ஸ்86 உங்களுக்குச் செய்யும் பெரிய உதவியே அதுதான். ப்ராசசரின் சிஆர்2 ரெஜிஸ்டரில் எந்த முகவரியைத் தொட்டதால் பிழை என்று இருக்கும். கூடவே ஒரு பிழை எண் வரும். அதன் முதல் பிட் 1 என்றால் அந்த பேஜ் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. இரண்டாவது பிட் எழுத முயன்றதைச் சொல்லும், மூன்றாவது ரிங் 3இலிருந்து வந்ததைச் சொல்லும். உதாரணமாக எண் 5 என்று வந்தால், ஒன்றும் நான்கும் சேர்ந்தது: பேஜ் இருக்கிறது, பயனர் நிரல் தொட்டிருக்கிறது, எழுதும் முயற்சி இல்லை. அப்படியானால் பயனர் நிரலுக்கு அனுமதி தரும் யூசர் பிட் போட மறந்திருக்கிறீர்கள். "போட்டேனே!" என்பீர்கள். கடைசி நிலை டேபிளில் போட்டிருப்பீர்கள். பேஜ் டேபிள் நான்கு நிலைகளாக இருக்கிறது, நான்கிலும் அந்த பிட் இருந்தால்தான் அனுமதி. கெர்னல் எழுதும் புதியவர்கள் விழும் குழிகளிலேயே இதுதான் மிகவும் பழக்கப்பட்ட குழி.

இதைத் தாண்டிவிட்டால் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் உதவி கேட்கும் வழி), கம்பைல் செய்த நிரலின் வடிவமான எல்ஃப் ஃபைலைப் பிரித்து ஏற்றுவது, டைமர் துடிக்கும்போது ரெஜிஸ்டர்களை மாற்றி இரண்டு நிரல்களை மாறி மாறி ஓட்டுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அடுத்து எந்த நிரல் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்கு வரிசையாக ஆளுக்கொரு முறை என்பதே போதும்.

இனி தமிழ். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுத்துகளை மட்டும் கட்டம் கட்டமாகக் காட்டும் பழைய விஜிஏ டெக்ஸ்ட் மோடில் எழுதியிருந்தால் தமிழுக்கு வழியே கிடையாது என்று சொல்லலாம். ஓர் எழுத்துக்கு எட்டு, ஒன்பது பிக்சல் அகலம்தான், அதில் "ணௌ" எப்படி அடங்கும்? ஆனால் ஃப்ரேம்பஃபரில் ஆங்கில எழுத்தைக்கூட நீங்களேதான் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். அங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. "கெ" என்பது மெமரியில் முதலில் க, அப்புறம் எகரக் குறி. திரையில் குறி முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் குறி இரண்டு பக்கமும் பிரியும். "கு", "கூ" வரிசைகளில் எழுத்தின் உருவமே மாறும். ஆகவே க வந்ததும் வரைந்து முடித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அடுத்து வருவது உயிர்க்குறியா, புள்ளியா என்று பார்த்து, அப்படியானால் முதலில் வரைந்ததை அழித்துவிட்டு முழு எழுத்தாக வரைய வேண்டும். இதற்கு, எழுத்துருவின் வடிவங்களைச் சரியாகக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற பெரிய நூலகத்தைக் கெர்னலுக்குக் கொண்டுவரத் தேவையே இல்லை. தமிழில் கூட்டெழுத்துகள் குறைவு என்பது இங்கே பெரிய வசதி. 247 எழுத்துகள், கிரந்த வரிசைகள், ஸ்ரீ எல்லாம் சேர்த்துச் சுமார் 310 படங்கள். அகலம் 48, உயரம் 24 பிக்சல் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 45 கேபிக்குள் முடிந்துவிடும். லினக்ஸில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, நோட்டோ தமிழ் எழுத்துருவிலிருந்து இந்தப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். பில்லோ என்ற பைத்தான் பட நூலகத்தைப் பயன்படுத்தினால், குறிகளைச் சரியான இடத்தில் வைக்கும் ராக்ம் ஆதரவோடு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே "கெ" தப்பாக வரும். ஒவ்வொரு படத்தோடும் அதன் உண்மையான அகலத்தையும் சேமியுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவு கட்டத்தில் போட்டால் "ர"வுக்கும் "ஔ"வுக்கும் நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறியீடு என்ற யோசனை புதிதல்ல. தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 அப்படிப்பட்டதுதான். ஆனாலும் ஃபைல்களில் யூனிகோடையே வையுங்கள், யூடிஎஃப்-8 வடிவில். தனி எண் முறையை உங்கள் கெர்னலுக்குள், படத்தைத் தேடும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அதனால் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எத்தனை பைட் அழிக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "கொ"வில் குறி மட்டும் போக வேண்டுமா, முழு எழுத்தும் போக வேண்டுமா? தட்டச்சில் குறி மட்டும் போனால்தான் திருத்த வசதி என்பது என் கருத்து. கீபோர்டுக்கு தமிழ்99 எடுத்துக்கொள்ளுங்கள். "க" அடித்து "எ" அடித்தால் "கெ" என்பதால் நிரல் எழுத எளிது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும் விதியையும் சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவு காலம்? வாரத்துக்குச் சில மணிநேரம் என்றால், சீரியல் போர்ட்டில் எழுத்து வர ஒரு வார இறுதி போதும். இன்டரப்ட், மெமரி எல்லாம் நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம். ரிங் 3இல் முதல் நிரல் ஓட அரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே மூலநிரலை, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் வையுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடாதபோது, எந்த மாற்றத்தில் உடைந்தது என்று தேட வேறு வழி கிடையாது.

பழைய லேப்டாப்பை மாதம் ஒருமுறையாவது வெளியே எடுங்கள். எமுலேட்டர் நிறையப் பிழைகளை மன்னித்துவிடும். உதாரணமாக, கியூஎமுவில் காலி மெமரி பெரும்பாலும் பூஜ்ஜியமாக இருக்கும். நிஜ மெமரியில் குப்பை இருக்கும், பேஜ் டேபிளைத் துடைக்க மறந்திருந்தால் அங்கேதான் தெரியும். பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், கையொப்பமில்லாத ஓஎஸ்ஸைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். டிஸ்க்கில் எழுதும் நிரல் உங்களிடம் இருந்தால் அதை அந்த லேப்டாப்பில் ஓட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் புகைப்படம், ஆவணம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பழைய மாடல் என்றால் உள்கீபோர்டு பெரும்பாலும் பிஎஸ்2 முறையில் இருக்கும், ஹெக்ஸில் 60 என்ற போர்ட்டைப் படித்தாலே போதும். யூஎஸ்பி கீபோர்டு என்றால் அதற்கு ஒரு முழு யூஎஸ்பி அடுக்கே எழுத வேண்டியிருக்கும். வைஃபை, கிராபிக்ஸ் கார்டு பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று: அந்த லேப்டாப்பில் அநேகமாகச் சீரியல் போர்ட் இருக்காது. ஆகவே கெர்னலின் பதிவு வரிகள் சீரியலுக்கும் ஃப்ரேம்பஃபருக்கும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகும்படி இப்போதே எழுதிவிடுங்கள். பேஜ் ஃபால்ட் கையாளி சிஆர்2, பிழை எண், பிழை நடந்த கட்டளையின் முகவரி மூன்றையும் திரையில் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு நிற்கட்டும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, லினக்ஸில் அந்த முகவரி எந்த ஃபங்ஷனில் எந்த வரி என்று தேடிப் பார்க்கலாம்.